பிரம்பைக் கீழே வைத்து காற்றாடியைக் கொடுத்த வாத்தியார்: யார் இந்த ஜோசப் லங்காஸ்டர்?

ஒரே கூடம். உள்ளே நூற்றுக்கணக்கான பையன்கள், ஒரு கட்டத்தில் ஆயிரம் பேர் வரை. பெரியவர் என்று இருப்பது ஒரே ஒரு ஆசிரியர். அவர் தலைக்கு மேலே பந்து, மட்டை, காற்றாடி, படங்கள் என்று விளையாட்டுச் சாமான்கள் தொங்குகின்றன. நன்றாகப் படிக்கிறவனுக்கும் ஒழுங்காக நடந்துகொள்கிறவனுக்கும் அவை கிடைக்கும். 1800களின் தொடக்கத்தில், லண்டனின் ஏழைகள் வாழ்ந்த சவுத்வார்க் பகுதியில் இருந்த பள்ளி இது.

பிரம்பு இல்லாத பள்ளிக்கூடத்தை யாரும் கற்பனை செய்துகூடப் பார்க்காத காலம். அடித்தால்தான் பிள்ளை உருப்படும் என்று பெற்றோரே நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு எதிராக, பரிசையும் பாராட்டையும் வைத்தே வகுப்பை நடத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர்தான் ஜோசப் லங்காஸ்டர்.

இன்று பள்ளிகளில் பார்க்கும் ஸ்டார் ஸ்டிக்கர், பேட்ஜ், கிளாஸ் லீடர், பாயின்ட் சேர்த்து பரிசு வாங்குவது எல்லாவற்றையும் 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முழு ஏற்பாடாக ஓட்டிப் பார்த்தவர் இவர். பரிசு எங்கே வேலை செய்யும், எங்கே சொதப்பும் என்ற இரண்டுக்கும் இவர் வாழ்க்கையே சாட்சி. இந்தக் கதைக்கு நம்ம எழும்பூரோடு ஒரு தொடர்பும் உண்டு.

சல்லடைக்காரர் மகன்

லங்காஸ்டர் 1778 நவம்பர் 25 அன்று சவுத்வார்க்கில் பிறந்தார். அப்பா முன்னாள் ராணுவ வீரர். பிறகு சல்லடை செய்து பிழைத்தவர். வசதியான குடும்பம் இல்லை.

சின்ன வயதிலேயே எதையாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற வேகம் இருந்தது. அடிமை வணிகத்தை எதிர்த்து தாமஸ் கிளார்க்சன் எழுதிய நூலைப் படித்துவிட்டு, ஜமைக்காவில் இருக்கும் கறுப்பின அடிமைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று 14 வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டார் என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கையில் காசு தீர்ந்து, கப்பலில் சேர்ந்து, கடைசியில் தெரிந்தவர்கள் தலையிட்டு வீட்டுக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். யோசிக்காமல் பாயும் இந்தக் குணம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

பின்னர் குவேக்கர் சமயக் குழுவில் சேர்ந்தார். 1798இல், 20 வயதுகூட நிரம்பாத நிலையில், அப்பா வீட்டு அறையிலேயே ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். முடிந்தவர்கள் கட்டணம் கொடுக்கலாம். முடியாதவர்கள் சும்மா வரலாம். கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. விரைவிலேயே பரோ ரோட்டில் பெரிய இடத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

ஆசிரியர் வைக்கக் காசு இல்லை, அப்புறம்?

பிள்ளைகள் நிறைய, உதவி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. அவர் எடுத்த வழி, பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. சுமார் பத்துப் பேருக்கு ஒரு மானிட்டர். ஆசிரியர் மானிட்டருக்குச் சொல்லிக்கொடுப்பார். மானிட்டர் தன் குழுவுக்குச் சொல்லிக்கொடுப்பான். வருகைப் பதிவு, சிலேட்டைச் சரிபார்ப்பது, பேனாவுக்கு முனை சீவுவது என ஒவ்வொன்றுக்கும் தனி மானிட்டர்.

ஆளுக்கொரு புத்தகம் வாங்க முடியாது. அதனால் பாடத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அட்டையில் ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டார். குழுக் குழுவாக வந்து நின்று படித்துவிட்டுப் போவார்கள். காகிதத்துக்குப் பதில் சிலேட். சின்னப் பிள்ளைகளுக்கு மணல் பரப்பிய பலகை. விரலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதலாம்.

மணலில் விரலால் எழுதுவதா? இங்கேதான் சென்னை உள்ளே வருகிறது.

எழும்பூரிலிருந்து போன மணல்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆதரவற்றோர் இல்லத்தின் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஆங்கிலேய வீரர்களின் பிள்ளைகள் படித்த இடம் அது. மதராஸில் உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கடந்தபோது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அது சாதாரணம். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அங்கே வழக்கம்தான்.

தன் பள்ளியிலும் மணலில் எழுதவைக்கப் பெல் விரும்பினார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதை நன்றாகவே நடத்தினான். அதிலிருந்து பள்ளி முழுவதும் மாணவர்களை வைத்தே நடக்க ஆரம்பித்தது. ஊர் திரும்பிய பெல், 1797இல் இதைப் பற்றிச் சிறு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் இதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வந்தது.

லங்காஸ்டர் அந்த நூலைப் படித்தார். தன் புத்தகத்தில் அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார். 1804இன் இறுதியில் பெல்லை நேரில் போய்ப் பார்த்தார். பின்னால் இருவருக்கும் இடையே, யார் முதலில் கண்டுபிடித்தது என்று பெரிய சண்டையே நடந்தது. மூலத்தைக் கொடுத்த மதராஸ் திண்ணைப் பள்ளியின் பெயர் தெரியாத வாத்தியாரை அந்தச் சண்டையில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பரிசு எப்படி வேலை செய்தது?

மானிட்டர் முறை இருவருக்கும் பொது. லங்காஸ்டரின் தனி முத்திரை, பரிசுதான். 1803இல் வெளியான தன் கல்விச் சீர்திருத்த நூலில் அதை விலாவாரியாக எழுதினார்.

ஒவ்வொரு வகுப்பிலும் பையன்கள் வரிசையாக நிற்பார்கள். எல்லோருக்கும் எண் உண்டு. ஒருவன் தப்பாகச் சொன்ன சொல்லை அடுத்தவன் சரியாகச் சொன்னால், இருவரும் இடம் மாறுவார்கள், எண்ணும் கைமாறும். முதலிடத்தில் நிற்பவன் மார்பில், படிப்பில் சிறந்தவன் என்று பொன்னிற எழுத்தில் பொறித்த தோல் பட்டயம் தொங்கும். இடம் போனால் பட்டயமும் போகும்.

இதுபோக, காகித டிக்கெட்டுகள் உண்டு. நன்றாகச் செய்தால் டிக்கெட். குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். இன்றைய ரிவார்டு பாயின்ட் மாதிரியே. பரிசுகள் அரை பென்னி, ஒரு பென்னி மதிப்புள்ள மலிவான சாமான்கள்தான். ஆனால் வீட்டில் பொம்மையே பார்க்காத பிள்ளைகளுக்கு ஒரு காற்றாடி என்பது பெரிய சொத்து.

பரிசு கொடுப்பதும் சும்மா நடக்காது. ஒரே நேரத்தில் நூறு, இருநூறு பரிசுகள் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் பரிசைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஊர்வலம் வருவார்கள்; முன்னால் ஒரு பையன் அறிவித்துக்கொண்டே போவான். மிகச் சிறந்தவர்களுக்கு வெள்ளிப் பதக்கம். அதைக் கழுத்தில் அணிந்தவர்கள் சேர்ந்த குழுவுக்குச் சிறப்புத் தகுதியாளர் என்று தனிப் பெயரே உண்டு. படிப்பில் கெட்டி என்றால் மட்டும் அல்ல, சக மாணவனைத் தப்பு வழியிலிருந்து திருப்பினாலும் அதில் இடம் கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டிலேயே புத்திசாலித்தனமான பகுதி ஒன்று உண்டு. ஒரு பையன் தேறி அடுத்த வகுப்புக்குப் போனால் அவனுக்குப் பரிசு. அதே மதிப்பில் அவனுடைய மானிட்டருக்கும் பரிசு. தன் குழுவில் ஒருவனைத் தூக்கிவிட்டால்தான் மானிட்டருக்கு லாபம். மிரட்டி அடக்கிவைப்பதில் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது.

அப்போ வம்பு பண்ணுகிற பசங்களை என்ன செய்தார்? அடிக்கடி தப்புச் செய்பவர்கள் பெரும்பாலும் துறுதுறுப்பானவர்கள் என்பதைக் கவனித்தார். அவர்களை மானிட்டராக்கிவிடுவதுதான் சிறந்த வழி என்று எழுதினார். சேட்டையில் போகிற சக்தி வேலையில் போகும். கை சும்மா இருந்தால்தான் வம்பு. அதனால் ஒரு நிமிடம்கூட ஒரு பிள்ளை சும்மா உட்காராதபடி பாடத்தை அமைக்க வேண்டும் என்பது அவருடைய அடிப்படை விதி.

இதில் அறிவியல் என்ன?

ஒரு செயலைச் செய்த உடனே நல்லது ஏதாவது கிடைத்தால், அந்தச் செயல் மறுபடி நடக்கும் வாய்ப்பு கூடும். இதைத்தான் பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், அதாவது நேர்மறை வலுவூட்டல் என்கிறோம். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் ஆய்வகத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார். லங்காஸ்டருக்கு இந்தச் சொல் தெரியாது. ஆனால் அதன் முக்கியமான கூறுகள் அவர் கூடத்தில் இருந்தன.

ஒன்று, வேகம். டிக்கெட் அன்றே, அங்கேயே கிடைக்கும். வருடக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு, தெளிவு. எதற்காகக் கிடைத்தது என்பது பையனுக்குத் தெரியும். மூன்று, எட்டும் உயரம். சின்னப் பரிசுகள் நிறைய இருந்ததால் நமக்கும் ஒன்று வரும் என்ற நம்பிக்கை பலருக்கு இருந்தது.

இது லஞ்சம் இல்லையா என்ற கேள்வி அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அழுகிற பிள்ளையை நிறுத்த மிட்டாய் கொடுத்தால், அழுதால் மிட்டாய் வரும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். அது லஞ்சம். செய்த நல்ல செயலுக்குப் பின்னால் கிடைப்பது பரிசு. எது முதலில் வருகிறது என்பதில்தான் வித்தியாசமே.

ஏழைப் பிள்ளைக்குப் பதக்கமா?

அரசர் மூன்றாம் ஜார்ஜ் 1805இல் லங்காஸ்டரைச் சந்தித்து ஆதரவு தந்தார். ஆண்டுக்கு 100 பவுண்டு நன்கொடையும் அறிவித்தார். பிரபுக்கள் பள்ளியைப் பார்க்க வரிசையில் வந்தார்கள். எதிர்ப்பும் கூடவே வந்தது.

குழந்தை நூல்கள் எழுதிப் புகழ்பெற்ற சாரா ட்ரிம்மர், லங்காஸ்டர் முறையைக் கண்டித்து 1805இல் புத்தகம் எழுதினார். பதக்கம் கொடுக்கும் வழக்கமும் அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளியில் தன்னைப் பிரபு என்று நினைத்துப் பழகும் ஏழைப் பையன், நாளை நாட்டிலேயே பிரபுவாக ஆசைப்பட்டு, பரம்பரைப் பிரபுக்களின் இடத்தைக் கேட்பான் என்பது அவர் கவலை. சிட்னி ஸ்மித் என்ற எழுத்தாளர் இந்தப் பயத்தை ஒரு பத்திரிகையில் கிண்டலடித்தார்.

யோசித்துப் பார்த்தால் ட்ரிம்மர் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. பிறப்பை வைத்து மரியாதை கிடைக்கும் சமூகத்தில், எழுத்துக்கூட்டத் தெரிந்ததற்காக ஒரு சல்லடைக்காரர் மகனுக்கோ மூட்டை தூக்குபவர் மகனுக்கோ பதக்கம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. அரை பென்னிக் காற்றாடிக்குப் பின்னால் அவ்வளவு பெரிய கேள்வி இருந்தது.

கூடையில் தொங்கிய பையன்

இதுவரை படித்தால் லங்காஸ்டர் ஹீரோ. அதே புத்தகத்தின் இன்னொரு பகுதி படிக்கவே சங்கடமானது.

பிரம்பு வேண்டாம் என்றவர், வெட்கப்படுத்துவதைக் கையில் எடுத்தார். பேச்சு நிற்காத பையன் கழுத்தில் நாலு முதல் ஆறு பவுண்டு எடையுள்ள மரக்கட்டை. இடத்தில் உட்காராதவன் காலில் மரவிலங்கு. இன்னும் அடங்காதவனைக் கூடையில் உட்காரவைத்து, எல்லோரும் பார்க்க உத்தரத்திலிருந்து தொங்கவிடுவது; கூண்டுப் பறவை என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். முகம் கழுவாமல் வந்தவனுக்கு, பள்ளி முழுக்கப் பார்த்திருக்க ஒரு சிறுமி முகம் கழுவிவிடுவாள்.

ஒரே தண்டனையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பலன் போய்விடும் என்பதையும் அவரே கவனித்தார். ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு, தண்டனையை விட்டுவிடுவது அல்ல. புதிது புதிதாகத் தண்டனை யோசிப்பது. கவிஞர்கள் கோல்ரிட்ஜும் ராபர்ட் சதேயும் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். பிரம்படியின் வலி சீக்கிரம் ஆறிவிடும். ஊர் சிரித்த வடு ஆறாது.

பரிசு முறையிலும் ஒரு ஓட்டை இருந்தது. டிக்கெட் சேர்ப்பதில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். ஒருவன் சேர்த்தால் இன்னொருவனுக்குக் குறையாது. வரிசை எண் அப்படி இல்லை. ஒருவன் மேலே போக இன்னொருவன் கீழே இறங்கியே ஆக வேண்டும். முதலிடத்தின் தோல் பட்டயம் ஒன்றுதான். கடைசி எண்ணில் நிற்கும் பையனுக்கு அந்த ஏற்பாடு தினமும் சொன்னது, நீதான் கடைசி என்பதை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வகைப் பரிசுகள் இருந்தன. ஒன்று எல்லோரையும் இழுத்தது, இன்னொன்று சிலரைத் தள்ளியது.

கைதட்டலுக்கு ஏங்கியவர்

லங்காஸ்டருக்குப் பாராட்டு கொடுக்கத் தெரிந்த அளவுக்கு, வாங்குவதில் நிதானம் தெரியவில்லை. ஊர் ஊராகச் சென்று கூட்டம் போட்டார். கையில் வந்த நன்கொடையெல்லாம் பரிசாக, பள்ளிச் செலவாக, வண்டிச் செலவாகக் கரைந்தது. கடன் கழுத்தை நெரித்தது.

1808இல் பல் மருத்துவர் ஜோசப் ஃபாக்ஸ், வைக்கோல் தொப்பித் தொழில் செய்த வில்லியம் கார்ஸ்டன் போன்றவர்கள் சேர்ந்து கடன் சுமையைக் கையிலெடுத்து ஒரு சங்கம் அமைத்தார்கள். பள்ளி பிழைத்தது. ஆனால் கணக்குக் கேட்பது லங்காஸ்டருக்குப் பிடிக்கவில்லை. சண்டை மேல் சண்டை. தன்னிடம் பயிற்சியில் இருந்த இளைஞர்கள் சிலரை அவர் தனிப்பட்ட முறையில் அடித்தார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பிரம்புக்கு எதிராகப் பேர் வாங்கியவர் மேல் அந்தக் குற்றச்சாட்டு. 1814இல் அவர் வெளியேறினார். சங்கம் பெயரை மாற்றிக்கொண்டு அவர் இல்லாமலே வளர்ந்தது.

1818இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். அங்கே அவர் பெயர் ஏற்கெனவே பிரபலம். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவசப் பள்ளிகள் அவர் முறையில்தான் நடந்துகொண்டிருந்தன. பிலடெல்பியா, பால்டிமோர் என்று சுற்றினார். தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவார் அழைக்க, வெனிசுவேலாவின் கராகஸுக்கும் போனார். 1827இல் அங்கே நடந்த அவருடைய இரண்டாவது திருமணத்துக்கு பொலிவாரே வந்திருந்தார். உறுதியளித்த பணம் எதிர்பார்த்தபடி கைக்கு வராமல் அதுவும் கசப்பில் முடிந்தது. பிறகு மான்ட்ரியல், மறுபடி நியூயார்க். 1838 அக்டோபரில் நியூயார்க் தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். வயது 59.

ஆண்ட்ரூ பெல் கதை வேறு மாதிரி. அவர் பெரும் சொத்தைக் கல்விக்கு எழுதிவைத்துவிட்டு 1832இல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார்.

முறை ஏன் மறைந்தது?

லங்காஸ்டர் இறந்தபோது, அவர் முறையைப் பின்பற்றிய பள்ளிகள் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேல் இருந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு குறை வெளிச்சத்துக்கு வந்துகொண்டே இருந்தது. பத்து வயதுப் பையன் எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுக்கலாம், புரியவைக்க முடியாது. பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். 1846இல் இங்கிலாந்து அரசு, வயதில் கொஞ்சம் பெரிய மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து ஆசிரியர்களாகப் பயிற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மானிட்டர் பள்ளிகள் மெல்ல மறைந்தன. பட்டயமும் டிக்கெட்டும் மட்டும் வகுப்பறையிலேயே தங்கிவிட்டன.

இன்று எதை எடுத்துக்கொள்வது?

பொதுவாகச் சபாஷ் என்பதைவிட, என்ன நன்றாகச் செய்தாய் என்று குறிப்பிட்டுச் சொல்லும் பாராட்டுக்குப் பலன் அதிகம். காத்திருந்து உன் முறை வந்ததும் பேசினாய், நல்லது என்றால் பிள்ளைக்கு அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது.

பிள்ளை ஏற்கெனவே ஆசையாகச் செய்வதற்குப் பரிசு பேசக் கூடாது என்பதும் முக்கியம். 1973இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், படம் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகள் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பார்த்தால், அவர்கள் தாமாக வரைவது குறைந்திருந்தது. எதுவும் பேசாமல் விடப்பட்ட பிள்ளைகளிடம் அந்தச் சரிவு இல்லை. பரிசு என்பது தொடங்கிவைக்கும் தள்ளுவிசை. வண்டி ஓட ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பரிசை எல்லோருக்கும் எட்டும்படி வைக்க வேண்டும். நேற்றைவிட இன்று ஒரு சொல் கூடுதலாகப் படித்த பிள்ளைக்குக் கிடைக்கும் ஸ்டார், முதல் ரேங்க் பிள்ளைக்குக் கிடைக்கும் கோப்பையைவிட வகுப்பை அதிகம் மாற்றும். பரோ ரோட்டில் இரண்டுமே நடந்தன. டிக்கெட் சேர்த்து காற்றாடி வாங்கிய பையன் மறுநாளும் பள்ளிக்கு வரக் காரணம் இருந்தது. கூடையில் தொங்கிய பையனுக்கு அப்படி ஒரு காரணத்தை லங்காஸ்டர் விட்டுவைக்கவில்லை.